ஐம்பத்தைந்து நிமிடம்

போன வாரம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் வேலையாக நம் கடலூர் முதுநகர் டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்திருந்தேன். இருபத்தெட்டு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலியில் உங்கள் மூன்று பேரில் ஒருவர் உட்கார்ந்திருந்தீர்கள். யார் என்று எழுத மாட்டேன். போனில் ஒரு வாடிக்கையாளர் வடகிழக்கு மலைப்பக்கத்து விமான நிலையங்கள் இரண்டின் பெயரைச் சொல்லி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார் போலிருக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டரில் தூரம் காட்டுகிற ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து இரண்டு பெயரையும் தட்டினீர்கள். தூரம் இத்தனை கிலோமீட்டர், பயண நேரம் இத்தனை நிமிடம் என்று திரையில் வந்தது. "நாப்பது நிமிஷம்தான் சார், சட்டுனு போயிடலாம்" என்றீர்கள்.

வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனேன். அக்காவுக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பிரஷர் ஏறத்தான் செய்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடம் நல்ல கதைகளும் உண்டு. ஹஜ் போன ஐம்பது பேரில் ஒருவர்கூடத் தொலையாமல் திரும்பி வந்த கதையை உங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். இது நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியது இல்லை. முதலாளியைத் தவிர இந்த ஆபீசில் யாருக்கும் சொன்னதும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது. குமரவேல் என்று ஒரு பையன். தேவனாம்பட்டினம், மீன்பிடிக் குடும்பம். அப்பா இல்லை. அண்ணன் தேசிங்கு கடலுக்குப் போய்த்தான் தம்பியைச் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கணக்கு படிக்க வைத்தார். அங்கே கூடப் படித்த சங்கீதாவையே குமரவேல் கல்யாணம் செய்துகொண்டான். சங்கீதா சிதம்பரத்துப் பெண். அவள் வீட்டில் நெல்லும் கரும்பும் போடுகிறவர்கள், கடல் பக்கமே வராதவர்கள். இரண்டு வீட்டுக்கும் ஆரம்பத்தில் முகம் கொடுத்துப் பேச்சு இல்லை. அப்புறம் ஒருவழியாகச் சரியானது.

குமரவேலுக்குப் பசிபிக் கடலில் ஒரு தீவு நாட்டில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. எந்த நாடு என்பது வேண்டாம். டிக்கெட் போட்டது நான்தான். மூன்று விமானம் மாறி, கடைசியில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டில் போய்த்தான் அவனுடைய தீவுக்குச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஒரு திங்கள்கிழமை காலை பத்தேகாலுக்கு சங்கீதா போன் செய்தாள்.

"அக்கா, அவருக்கு ரெண்டு நாளா வவுத்துவலி. அங்க இருக்கற நர்ஸம்மா அப்பெண்டிக்ஸுன்னு சொல்லிட்டாங்களாம். பெரிய தீவுலதான் ஆஸ்பத்திரி இருக்குது. அஞ்சு மணிக்கு ஒரு போட்டு போவுதாம். பையெல்லாம் ஏத்திட்டாராம். ஆனா பதினாலு மணி நேரம் ஆவும்ங்கறாங்க. வலியோட எப்பிடிக்கா அவ்ளோ நேரம்? பிளேன் எதுனா இருக்குதா?"

அந்த ஊர் நேரம் நம்மைவிட ஐந்தரை மணி முன்னால். போட்டு கிளம்ப நம் கணக்கில் பதினொன்றரை. ஒன்றேகால் மணி நேரம் கையில் இருந்தது.

சின்னத் தீவில் ஒரு ஓடுதளம் உண்டு என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு இணையப் பக்கத்தில் இரண்டு தீவின் பெயரையும் தட்டினேன். ஐம்பத்தைந்து நிமிடம் என்று வந்தது. என்ன சந்தோஷம் எனக்கு!

"அம்பத்தஞ்சே நிமிஷம்மா! அந்தப் போட்ட விட்டுடச் சொல்லு. நான் பிளேனுக்கு ஏற்பாடு பண்ணிட்டுக் கூப்பிடுறேன்" என்றேன்.

"நெஜமாவாக்கா? தெய்வம் மாதிரி சொன்னீங்க" என்று அழுதாள்.

இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த இணையப் பக்கம் என்னிடம் பொய் சொல்லவில்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு நேர்க்கோடு போட்டு, ஒரு விமானம் பறந்தால் எவ்வளவு நேரமாகும் என்று கணக்குச் சொன்னது. அங்கே விமானம் பறக்கிறதா, என்றைக்குப் பறக்கிறது என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. பிற்பாடு ஒருநாள் கடலூர், சிதம்பரம் என்று போட்டுப் பார்த்தேன். அதற்கும் ஆறு நிமிடம் என்று காட்டியது. இரண்டு ஊரிலும் ஏது விமானம்?

ஆனால் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். சிதம்பரம் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள், யாரும் கிலோமீட்டர் சொல்ல மாட்டோம். ஒரு மணி நேரம் என்போம். ஒரு பஸ் போனால் பின்னாலேயே அடுத்த பஸ் வருகிற ஊர். போகிற நேரத்தைச் சொன்னால் போதும், கிளம்புகிற நேரத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இருபத்தேழு வருஷம் டிக்கெட் போட்டும் எனக்கு அந்த பஸ் ஸ்டாண்டு புத்தி போகவில்லை.

போனை வைத்துவிட்டு, டிக்கெட் போடுவதற்காக அந்த ஊர் விமான அட்டவணையைத் திறந்தேன். அப்போது மணி பத்து நாற்பது. இருப்பது ஒரே விமானம். வாரத்துக்கு இரண்டு நாள், திங்கள் காலையும் வியாழன் காலையும். திங்கள்கிழமை விமானம் அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தது. அடுத்தது மூன்று நாள் கழித்து.

திரும்பத் திரும்பப் படித்தேன். கிழமை மாறவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் இதை எழுதக் காரணம். நான் போனை எடுக்கவில்லை. எடுத்து, "சங்கீதா, தப்பு பண்ணிட்டேன், பிளேன் இல்ல, அவர போட்டுல ஏறச் சொல்லு" என்று சொல்ல பத்து விநாடி போதும். எனக்கு வெறுங்கையோடு பேச மனசு வரவில்லை. தெய்வம் மாதிரி என்று சொன்னவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? முதலில் மாற்று வழி ஒன்றைக் கண்டுபிடிப்போம், பிடித்துவிட்டுப் பேசுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். அங்கே உள்ள விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். தனி விமானம் கிடைக்குமா என்றேன். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தேன். சின்னத் தீவின் ஓடுதளம் வெறும் புல்தரை, இருட்டினால் இறங்க முடியாது, நாளைக்கும் சொல்ல முடியாது, ஒரு விமானம் ரிப்பேரில் நிற்கிறது என்றார்கள். இன்னொரு கம்பெனியைத் தேடினேன். நேரம் ஓடிக்கொண்டிருந்ததை நான் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

பதினொன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டேன். அப்போதாவது ஒழுங்காகப் பேசினேனா என்றால், அதுவும் இல்லை.

"சங்கீதா, இன்னிக்கு பிளேன் கேன்சலாயிடுச்சாம்மா. உடனே அவர போட்டுலயே போவச் சொல்லு" என்றேன்.

இல்லாத விமானத்தைக் கேன்சல் செய்தேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது. நம் தொழிலில் தினமும் சொல்கிற வார்த்தை, வாயில் தயாராக இருந்தது.

அவள் குமரவேலைக் கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. அந்தத் தீவில் படகுத்துறையில் மட்டும்தான் சிக்னல். அவன் அதற்குள் பள்ளிக்கூடத்து டிராக்டரில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிப் போயிருந்தான். போட்டு சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

அன்று இரவு அவனுக்கு உள்ளே வெடித்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்து ஆட்கள் அவனை ஒரு சின்ன மோட்டார் படகில் படுக்கவைத்து, தீவு தீவாக ஒதுங்கி ஒதுங்கி, புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு ஆபரேஷன். பிழைத்தது அவனுடைய வயசினால்தான் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டரை மாதம் கழித்துத் திரும்பி வந்தான், வேலையும் போய். அந்தத் திரும்பும் டிக்கெட்டையும் நான்தான் போட்டேன், வீல்சேரோடு. அவனைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கிற முகம் எனக்கு இல்லை. பிழைத்துவிட்டான் அல்லவா, இத்தோடு போகட்டும் என்று நினைத்தேன்.

அவன் வந்து பத்து நாள் இருக்கும். ஆபீசுக்கு ஒரு போன். ஆண் குரல், பெயர் சொல்லவில்லை.

"ஏங்க, அந்தத் தீவுல திங்கக்கெழம சாயங்காலம் பிளேன் உண்டாங்க?"

"இல்லீங்க. திங்கள் காலையில, வியாழன் காலையில. அவ்வளவுதான்" என்றேன்.

"கேன்சல் கீன்சல் எதுனா ஆயிருக்குமா?"

"இல்லாததுக்கு எப்பிடிங்க கேன்சல் ஆவும்?"

"சரிங்க" என்று வைத்துவிட்டார். என்ன சாமர்த்தியமான பதில் பாருங்கள். அந்தத் தீவைப் பற்றிக் கேட்க கடலூரில் வேறு யார் இருக்கிறார்கள்? அது குமரவேல் வீட்டு ஆள்தான் என்று எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து சங்கீதாவே வந்தாள். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, மத்தியான வெயிலில் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆள் பாதியாகி இருந்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்றேன்.

"அவர் தேவனாம்பட்டினத்துல இருக்காரு. நான் சிதம்பரத்துல எங்க அம்மா வூட்டுல இருக்கறேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கணும். அன்னிக்கி நீங்க பிளேன் கேன்சல்னுதான சொன்னீங்க? எனக்குக் காது கீது கோளாறா? அன்னிக்கி பிளேனே கெடையாதாம். தேசிங்கு மாமா இங்கியே போன் பண்ணிக் கேட்டுட்டாராம். எனக்குக் கடல்னா பயம், அதான் போட்டுல போவாதன்னு சொல்றதுக்கு பிளேன்னு ஒரு பொய்ய ஜோடிச்சேன், அப்புறம் கேன்சல்னு இன்னொரு பொய் சொன்னேன்னு சொல்றாங்க. போட்டுல போனா எங்க வூட்டு கவுரவம் கொறஞ்சிடும்னு நெனச்சேனாம். அத்த மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. அவரு திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

என் தப்பால் ஒரு உயிர் போயிருக்கும், போகவில்லை, தப்பித்தோம் என்று நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். என் பொய் அதற்குள் இன்னொரு வீட்டுக்குள் புகுந்து, ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கி வெளியே அனுப்பியிருந்தது. நான் சொன்ன பொய்யும், பிறகு சாமர்த்தியமாகச் சொன்ன உண்மையும் சேர்ந்து செய்த வேலை அது.

அன்றைக்கு அங்கேயே சொன்னேன். ஐம்பத்தைந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். பத்து நாற்பதுக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கேன்சல் என்பது நானாகச் சொன்னது என்றும், தேசிங்குக்குப் பதில் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் பொய் சொல்லல, இல்லக்கா?"

"இல்லம்மா."

"ராத்திரியெல்லாம் ரோசன பண்ணிக்கிட்டுக் கெடப்பேன்க்கா. நெஜமாவே நானா இட்டுக்கட்டிச் சொல்லிட்டனான்னு எனக்கே டவுட்டு வந்துடுச்சு."

நான் மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. வாம்மா, இரண்டு பேருமாக இப்போதே தேவனாம்பட்டினம் போய்ச் சொல்லுவோம் என்றேன். "நீங்க போயி சொல்லுங்க. நான் வரல" என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலை போனேன். ஆட்டோவில் போகும்போது, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு போகலாமா, வேலை போய்விடுமா என்றெல்லாம் ஓடியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தேசிங்கு வாசலில் நின்று யாருடனோ ஐஸ் லோடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குமரவேல் உள்ளே கட்டிலில். நான் யார் என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தேசிங்கு கேட்டு முடித்ததும் முதலில் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"என்னாம்மா மனுசி நீ? ஒரு போட்டுக்கு எம்மா நேரம் ஓடும்னு நாங்க எவன்னா கேப்பமா? எப்ப கெளம்புதுன்னுதான் கேப்போம். படிச்சு ஆபீஸு போட்டு உக்காந்துருக்க, இது தெரியாதா? அன்னிக்கி நான் போன் பண்ணப்ப சொல்லியிருந்தின்னா என்னா கொறஞ்சு போயிருப்ப?"

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதிதான் அது உண்மை.

குமரவேல் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு என்மேல் கோபம் இருந்ததாகவே தெரியவில்லை. அவன் வேறெங்கோ இருந்தான்.

"தொறையில இருந்தவங்க எல்லாம் வியாழக்கெழமதான் பிளேன்னு சொன்னாங்க. சங்கீதா சொல்றாளே, எதுனா ஸ்பெஷல் பிளேன் இருக்கும்னு நெனச்சேன். வலி தாங்காம, வூட்டுக்குப் போயி படுத்துக்கலாம்னா டிராக்டரும் உடனே வரல. அங்க மணி நாலரை வரைக்கும் அந்தப் போட்டப் பாத்துக்கிட்டேதான் படுத்துக் கெடந்தேன். போன் நெஞ்சு மேலயே இருந்துது" என்றான்.

அங்கே நாலரை என்றால் இங்கே பதினொன்று. பத்து நாற்பதிலிருந்து பதினொன்று வரை, இருபது நிமிடம். போட்டும் அங்கேயே நின்றது, அவனும் அங்கேயே கிடந்தான், போனில் சிக்னலும் இருந்தது. நான் இங்கே ஏசிக்குக் கீழே மாற்று வழி தேடிக்கொண்டிருந்தேன். அது வரைக்கும் எனக்கு அது தெரியாது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேசிங்குதான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், திட்டிக்கொண்டே.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். தப்பு சொல்லிவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிடமே போனை எடுங்கள். மாற்று வழி இல்லாமல் எடுங்கள். வாய் குழறினாலும் பரவாயில்லை. கேட்கிறவர் கையில் என்ன வழி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. குமரவேலின் வழி அவன் கண்ணுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால், எப்போது கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள். அந்தத் தூரம் காட்டுகிற பக்கத்தை இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் பார்க்கக் கூடாது.

தேவனாம்பட்டினத்திலிருந்து திரும்பி, முதலாளியிடமும் அன்றைக்கே சொன்னேன். அவர் நிறையத் திட்டினார். வேலையை எடுக்கவில்லை.

அன்று மத்தியானமே அண்ணனும் தம்பியும் சிதம்பரம் போனார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று, சுத்த முட்டாள்தனமாக, நம்பினேன். ராத்திரி தேசிங்கு கூப்பிட்டார். குரலில் காலையில் இருந்த வேகம் இல்லை.

"மன்னிப்பெல்லாம் கேட்டோம்மா. எங்கம்மாவும் போன்ல பேசுனாங்க. சங்கீதா ஒன்னும் கோவமா பேசல. காப்பி போட்டுக் குடுத்துச்சு. எந்தம்பியப் பாத்து ஒன்னே ஒன்னுதான் கேட்டுச்சு. 'அந்த அக்கா வந்து சொன்னதாலதான நம்புறீங்க? நான் சொன்னப்ப ஏன் நம்பல?'ன்னு. அப்பிடியே பஸ் ஏறி வந்துட்டோம்."

அதற்கப்புறம் குமரவேல் சிதம்பரத்துக்குப் பல முறை போனான் என்று தெரியும். உடம்பு தேறி, ஒரு டியூஷன் சென்டரில் வேலைக்கும் சேர்ந்தான். நான்கு மாதம் கழித்து சங்கீதா மறுபடியும் நம் ஆபீசுக்கு வந்தாள். ஊரில் எத்தனையோ டிராவல்ஸ் இருக்க, என்னிடமே வந்தாள். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. குமரவேல்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட வந்திருந்தான். உள்ளே வராமல், வெளியே வெயிலில் அவளுடைய சர்டிபிகேட் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே மாற வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மூன்று முறை சரிபார்த்து அவளிடம் காட்டினேன். படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"திரும்பி வர்ற தேதி என்னம்மா போடட்டும்?" என்றேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவனை ஒரு தடவை பார்த்தாள்.

"போவறதுக்கு மட்டும் போடுங்கக்கா" என்றாள்.